அரியாங்குப்பத்தில் ஐந்து மாத வயிறு

புதுச்சேரியில் வண்டிக்காரர் வண்டியைத் தள்ளுவார், அவ்வளவுதான். திருப்பவேண்டியது ஏறி உட்கார்ந்தவர். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

ரயிலடியில் இறங்கியதும் ஒருவர் ஓடிவந்து என் டிரங்குப் பெட்டியை வாங்கி ஒரு நாற்காலி வண்டியில் வைத்தார். மூன்று சக்கரம், முன்பக்கம் ஒரு இரும்புத் தடி. "புஷ் வண்டிம்மா, குந்துங்க" என்றார். குந்தினேன். அவர் பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தார். வண்டி கிளம்பிய வேகத்தில் நேரே ஒரு சுவரைப் பார்த்துப் போனது.

"தடியப் புடிங்கம்மா! நீங்கதான திருப்பணும்!"

நான் தாராபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்ப் பிரசவ விடுதியில் மருத்துவச்சி. நாற்பத்து மூன்று வயதுவரை மாட்டுக் கயிற்றைக்கூடப் பிடித்ததில்லை. தடியை ஒரு பக்கம் இழுத்தேன். சுவர் தப்பித்தது. ஆனால் நடுத்தெருவில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். தலையில் சிவப்பாக, உயரமாக, டப்பா மாதிரி ஒரு தொப்பி. "ஒதுங்குங்க" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். முன்பின் தெரியாத ஆண்பிள்ளையைப் பார்த்துக் கத்த எனக்குக் கூச்சம். வாயை மூடிக்கொண்டு அவர் மேலேயே போனேன். கடைசி நொடியில் அவர் சாக்கடையைத் தாண்டிக் குதித்தார். குதித்த இடத்திலிருந்தே தொப்பியைத் தொட்டு, "பர்தோன், மதாம்" என்றார்.

"மன்னிப்புக் கேக்குறாரு" என்றார் வண்டிக்காரர்.

"அவரா? எதுக்குங்க?"

"நடுவுல நின்னதுக்கு. பிரெஞ்சுக்காரன் போயி வருஷமாயிடுச்சு, பழக்கம் போவலம்மா."

எங்கள் ஊர்ப் போலீஸ்காரர் மேல் இப்படிப் போயிருந்தால் என்ன வார்த்தை கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே, பயிற்சிக்கு வந்தவர்கள் தங்குகிற விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். இதுவும் நம் தேசம்தான் என்று இப்போது சொல்கிறார்கள். இருந்தாலும் எனக்கு அன்று வெளிநாட்டுக்கு வந்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலைப் பலகாரம் முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி. கடித்தேன், ரொட்டி உடையவில்லை, என் ஈறுதான் கிழிந்தது. சமையல்கார அம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அய்யோ, அத அப்பிடியா துன்னுவாங்க? காப்பியில முக்குங்க!" முக்கினேன். நன்றாகத்தான் இருந்தது. உள்ளே பஞ்சு, வெளியே பலகை. மத்தியானம் மீன் குழம்பு. வடவம் தாளித்த வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. எங்கள் அமராவதி ஆற்றில் பிடிக்கிற கெளுத்தியைத் தவிர எனக்கு மீன் தெரியாது. கடல்மீன் வாசனை என் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது, ஊர் திரும்பும்வரை இறங்கவில்லை.

பயிற்சி இரண்டு வாரம். பல ஊர்களிலிருந்து பன்னிரண்டு மருத்துவச்சிகள் வந்திருந்தோம். பாடம் எடுத்தவரை எல்லோரும் 'மதாம்' என்றே கூப்பிட்டார்கள். புதுச்சேரித் தமிழ்க்காரர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், கவுன் போட்டிருப்பார். கோபம் வந்தால் பிரெஞ்சு, அதிகக் கோபம் வந்தால் தமிழ்.

முதல் நாள் பிள்ளைப்பேறு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கிணற்றடி, சாக்கடை, கொசு, பால் காய்ச்சுகிற பாத்திரம் என்றே போனது. பின்வரிசையில் ஒருவர், "நாம புள்ள பெறவைக்க வந்தமா, ஊரக் கூட்ட வந்தமா?" என்று முணுமுணுத்தார். மதாமுக்குப் பாம்புக் காது.

"அந்தப் பொண்ணு குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரியாம அவ வயித்தத் தொடாதீங்க" என்றார். "பத்துப் பேர்ல எட்டுப் பேர் நாம இல்லாமலே பெத்துப்பாங்க. மீதி ரெண்டு பேர் யாருன்னு முன்னாடியே கண்டுபிடிக்கிறதுக்குத்தான் நமக்குச் சம்பளம்."

குள்ளமானவள், கால் தாங்கி நடப்பவள், காது கேளாதவள், இருமுகிறவள், முன்பு பிள்ளையை இழந்தவள், கால் வீங்கியவள். இவர்களுக்கெல்லாம் தனிக் கவனிப்பு. பெயரைத் தனி நோட்டில் எழுதி வாராவாரம் போய்ப் பார்க்கவேண்டும். கேள்வி கேட்டால் பாதிக்கு எனக்குப் பதில் தெரியும். கைதான் மேலே போகாது. மதாம் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "மரகதம், நீங்க வாயத் திறக்கறதில்ல. என்னோட வீட்டுப் பார்வைக்கு வாங்க. அங்க நான் பேசிக்கிறேன்" என்றார். எனக்கும் அது சௌகரியம்.

தீபாவளி முடிந்த வாரம், விட்டுவிட்டு மழை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பம் போனோம். ஆறு கலங்கலாக, கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. எங்கள் அமராவதியில் இவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் ஊரே பொங்கல் வைக்கும். இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலாவது வீட்டில்தான் அஞ்சலையைப் பார்த்தேன். புருஷன் பஞ்சாலையில் வேலை. மாமியார் பச்சையம்மா கொஞ்சம் நிலம் வைத்துக் கத்தரியும் மிளகாயும் போடுகிறவர். அஞ்சலை தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவ்வளவு பெரிய வயிறு.

"எத்தனை மாசம்?" என்றார் மதாம்.

"அஞ்சு" என்றார் பச்சையம்மா.

வேலியோரம் நின்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் கூரையைப் பார்த்தார்கள். மதாம் வயிற்றைப் பார்த்தார். "அஞ்சா?"

"அஞ்சுதான். வளைகாப்புகூட இன்னும் போடல. எங்க வம்சமே கொஞ்சம் தாட்டியான ஒடம்பு."

"நீ சொல்லும்மா" என்று மதாம் அஞ்சலையிடம் திரும்பினார்.

"என்னைக் கேக்காதீங்க மதாம்" என்றாள் அவள். "என் மாசத்த என்னைத் தவிர எல்லாரும் சொல்றாங்க."

உள்ளே கூட்டிப் போய்ப் பாயில் படுக்க வைத்தோம். மதாம் என் காதில், "அஞ்சு மாசத்துக்கு இவ்வளவு வயிறுன்னா ரெட்டைப் பிள்ளை" என்றார். எனக்கு வேறு சந்தேகம். எங்கள் ஊரிலும் கண் பட்டுவிடும் என்று ஒரு மாசம் குறைத்துச் சொல்கிற வழக்கம் உண்டு. ஆனால் மூன்று மாசத்தை விழுங்கி நான் பார்த்ததில்லை. மதாம் கருவிகளை எடுக்கிற நேரத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டேன்.

"அம்மிணி, மாசி மகத்துக்குக் கடலுக்குப் போனீங்களா?"

"போனனே. சாமியெல்லாம் வந்துச்சே."

"அப்போ குளிச்சு எத்தனை நாள் ஆயிருந்துச்சு?"

அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "மகத்துக்கு நாலு நாள் முன்னாடிதான் தலைக்கு ஊத்திக்கினேன். அதோட சரி." மாமியார் நிற்கிற பக்கம் கண்ணைக் காட்டினாள். "அது போன தடவை ஏழாம் மாசத்துல ஊரெல்லாம் சொல்லிடுச்சு. அந்தப் புள்ள தங்கல. இந்தத் தடவ அதான் இப்பிடி."

விரலைவிட்டு எண்ணினேன். எட்டு முடிந்து ஒன்பதில் கால் வைத்திருக்கிறது. மதாமிடம் சொன்னேன். "அப்போ ரெட்டை இல்ல" என்றார். "எட்டுக்கும் இது பெரிசுங்க" என்றேன். இரண்டு பேரும் மறுபடி வயிற்றைப் பார்த்தோம்.

உள்ளே ஒன்றா இரண்டா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. மதாம் பையிலிருந்து இரண்டு மரக்குழல்களை எடுத்தார். நாதஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கிற அணைசு மாதிரி, சின்னதாக இருக்கும். அகன்ற வாயை வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை ஒட்டினால் பிள்ளையின் இதயம் கேட்கும். அவர் வலது பக்கம் ஒரு குழல், நான் இடது பக்கம் ஒரு குழல். இரண்டு பேர் தலையும் அஞ்சலையின் வயிற்றுக்கு மேல் முட்டிக்கொள்ளாத குறை. அவரவருக்குக் கேட்கிற துடிப்பை அவரவர் தரையில் விரலால் தட்டவேண்டும். ஒரே பிள்ளை என்றால் இரண்டு தட்டும் ஒன்றாக விழும்.

தட்டினோம். முதலில் ஒன்றாகத்தான் இருந்தது. பிறகு மதாமின் விரல் கொஞ்சம் முந்தியது, என்னுடையது பின்தங்கியது. அப்புறம் இரண்டும் தறியில் ஓடம் போய் வருகிற மாதிரி மாறி மாறி விழுந்தன. மாட்டின் கழுத்துமணி மாதிரி மெதுவாக ஒன்று, ஓடுகிற ஆட்டுக்குட்டி மாதிரி வேகமாக ஒன்று.

மதாம் நிமிர்ந்தார். "வொய்லா, பாத்தீங்களா! நீங்க சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி."

"வயித்து மேல ரெண்டு பேரும் தாளம் போடுறீங்களா?" என்றாள் அஞ்சலை.

சிரிப்பு அதோடு நின்றது. அவள் காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, நிரம்பவில்லை. தலை வலிக்கிறதா என்றேன். மூன்று நாளாக வலிக்கிறது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினோம். வெந்த முட்டையின் வெள்ளை மாதிரி திரண்டுவிட்டது. இரத்தக் கொதிப்பும் ஏறியிருந்தது. இப்படிப்பட்டவளுக்கு எந்த நேரமும் வலிப்பு வரலாம். வந்தால் தாயும் போவாள், வயிற்றில் இருப்பதும் போகும். எங்கள் ஊரில் ஒருத்தி அப்படிப் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அன்றைக்கே அஞ்சலையைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாகவேண்டும்.

மதாம் வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னார், பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. பச்சையம்மா அசையவில்லை.

"இங்கியே வெச்சிப் பாருங்க மதாம். நானும் அந்த மூலையிலதான் அஞ்சு பெத்தன்."

"இங்க முடியாது. ஆஸ்பத்திரியில படுக்கணும்."

"ஆஸ்பத்திரி எங்க இருக்குது? ஆத்துக்கு அந்தாண்ட. மாசம் முத்தின பொம்பள ஆத்தத் தாண்டக் கூடாது. அதுவும் தண்ணி பெருக்கெடுத்துப் போற நேரத்துல. போன தடவ அவ அம்மா வூட்டுக்குத் தாண்டிப் போனதாலதான் புள்ள தங்கல."

ஆலை முடிந்து வந்த புருஷனைக் கேட்டோம். "அம்மா சொன்னா சரி" என்றான். மதாம் முழுத் தமிழுக்கு வந்துவிட்டார். வேலியோரம் கூட்டம் சேர்ந்துவிட்டது. அஞ்சலை நிலைப்படியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். மதாம் கத்தக் கத்த அந்தம்மாள் இன்னும் இறுகிப் போவது எனக்குத் தெரிந்தது.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. அதனால் பச்சையம்மாவுக்குப் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அக்கா, எத்தனை மாசத்துக்கு மேலங்க ஆத்தைத் தாண்டக் கூடாது?"

"ஏழு."

"மருமகளுக்கு அஞ்சுதானுங்களே?"

பச்சையம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் வாங்கியதில்லை. கண் வேலிப்பக்கம் போனது. எட்டு என்று சொன்னால் இத்தனை மாசம் தெரு முழுக்கச் சொன்னது பொய் என்று ஆகும், அவர் பயந்த கண்ணெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். அவரைக் கூட்டத்துக்கு நடுவில் நிற்க வைத்து வேடிக்கை பார்க்க எனக்கும் மனசில்லை.

"நாங்க யாருக்கும் சொல்லமாட்டமுங்க" என்றேன். "அஞ்சுன்னே இருக்கட்டும். அஞ்சு மாசக்காரி தாராளமா தாண்டலாமுங்களே அக்கா."

அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு அவர் சத்தமாக, வேலிக்குக் கேட்கும்படி சொன்னார்: "அஞ்சு மாசக்காரிய ஆத்துத் தண்ணி என்னா பண்ணும்? வண்டியக் கட்டுடா!"

வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் அஞ்சலையைப் படுக்க வைத்தோம். பாலத்து முனையில் பச்சையம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு எலுமிச்சம்பழத்தை மருமகளைச் சுற்றி ஆற்றில் போட்டார். அவள் மடியில் வேப்பிலையும் ஒரு துண்டு இரும்பும் வைத்தார். அஞ்சு மாசத்துக்கு எதற்கு இவ்வளவு காவல் என்று மதாம் கேட்க வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அத்தனை பெரிய மனுஷியின் கையை நான் எப்படிப் பிடித்தேனோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் அஞ்சலைக்கு இருட்டறை, படுக்கை, உப்பில்லாச் சாப்பாடு. காலை மாலை இரத்தக் கொதிப்பு பார்க்கிற வேலையை மதாம் எனக்குக் கொடுத்தார். முதல் மூன்று நாள் இறங்கியது. நாலாம் நாள் மறுபடி ஏறியது. டாக்டருக்குப் புரியவில்லை. கதவைத் திறந்ததும் என் மூக்குக்குப் புரிந்துவிட்டது. கடலில்லாத ஊர்க்காரி இல்லையா. தலையணைக்கு அடியில் வாழை இலை மடிப்பில் சுட்ட கருவாடு.

"அக்கா, உப்பு ஆகாதுன்னு சொன்னமுங்களே!"

"நான் எங்கம்மா உப்பு போட்டன்?" என்றார் பச்சையம்மா, உண்மையான ஆச்சரியத்தோடு. "கருவாடுதான வெச்சன்."

கருவாடு எப்படி ஆகிறது என்று நான் கேட்டேன். பக்கத்து மீனவக் குப்பமான தேங்காய்த்திட்டில் மீனை எப்படிக் கீறி, எவ்வளவு உப்பைத் திணித்துக் காயவைப்பார்கள் என்று அவரே கை நீட்டி விளக்க ஆரம்பித்தார். பாதி விளக்கத்தில் நிறுத்திவிட்டார். "அடிப் பாவி" என்று தன்னையே சொல்லிக்கொண்டு இலையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு யார் அந்த அறைக்குள் போனாலும் மடியைச் சோதித்துத்தான் விட்டார். ஒருமுறை டாக்டரின் பையைக்கூடக் கேட்டார்.

பத்தாம் நாள் காலை அஞ்சலைக்கு வலி எடுத்தது. பாடத்துக்குப் போகவேண்டிய பதினொரு பேரும் வராந்தாவில் நின்றார்கள். உள்ளே டாக்டர், மதாம், நான். மூத்தது தலையைக் காட்டிக்கொண்டு ஆலையின் பன்னிரண்டு மணிச் சங்குக்கு முன்னால் வந்தது, ஆண். இளையது உள்ளே புரண்டு உட்கார்ந்துகொண்டது. டாக்டர் கையை நீட்டிக் காலைப் பிடித்து எடுத்தார். பெண். நீலமாக, சத்தமில்லாமல் இருந்தது. என் கையில் கொடுத்தார்கள். வாயைத் துடைத்தேன், முதுகை நீவினேன், உள்ளங்காலைச் சுண்டினேன். நான் கும்பிடுகிற சாமியெல்லாம் தாராபுரம் பக்கம். இவ்வளவு தூரம் கேட்குமா என்றிருந்தது. இன்னொரு முறை சுண்டினேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அண்ணனைவிட அதிகச் சத்தம் போட்டாள்.

அஞ்சலைக்கு வலிப்பு வரவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. இரண்டாம் நாள் கொதிப்பு இறங்கி, கணுக்கால் எலும்பு முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. "தோ, என் காலு" என்று ஏதோ தொலைந்த பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

கிளம்பும் நாள் காலை சொல்லிக்கொள்ளப் போனேன். பச்சையம்மா மடியில் இரண்டு பிள்ளைகளும் இருந்தன. வேப்பிலை, இரும்பு, கன்னத்தில் ஆளுக்கு ஒரு பெரிய மைப்பொட்டு. என்னையும் மதாமையும் கிட்ட வரச் சொன்னார். வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"எங்க தெருக் கோடியில தனம்னு ஒருத்தி. அஞ்சுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறா. அஞ்சாம்! பங்குனியிலேயே மாங்கா கேட்டு அழுதா. கால் என் மருமவ காலு மாதிரியே வீங்கிக் கெடக்கு."

மதாம் நோட்டைத் திறந்தார்.

"எழுதாதீங்க! நான் சொன்னன்னு தெரிஞ்சா என்னைத் தெருவுல விடமாட்டாளுங்க. இன்னும் ரெண்டு பேரு இருக்காளுங்க."

"அப்போ வீடு எப்படித் தெரியும்?"

பச்சையம்மா யோசித்தார். பிள்ளைகளை அஞ்சலையின் இரண்டு பக்கமும் படுக்க வைத்துவிட்டு எழுந்தார். "நான் முன்னாடி நடக்கறன். நீங்க யாரோ நான் யாரோ. எந்த வூட்டுக்கு நேரா நின்னு மூக்கு சிந்துறனோ, அந்த வூடு."

"மரகதம், உங்க ரயில் எப்போ?" என்றார் மதாம்.

"சாயங்காலமுங்க."

"நேரம் இருக்கு."

பாலத்தில் அவருக்கும் எங்களுக்கும் நூறு அடி இடைவெளி. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அரியாங்குப்பத்துத் தெருவில் நுழைந்து, கோடிவரை நடந்து, பூசணிக் கொடி ஏறிய ஒரு கூரை வீட்டு முன்னால் நின்றார். முந்தானையை எடுத்து, தெருவிலிருந்த கோழிகளெல்லாம் சிதறி ஓடும்படி மூக்கைச் சிந்தினார்.

உள்ளேயிருந்து ஒரு பெண், தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து வந்து யார் என்று பார்த்தாள்.